வாசலில் கிடந்த என் சப்பாத்து

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் உங்கள் கையில் ஒரு மெல்லிய கையேட்டைத் தந்திருப்பார்கள். ஆசிரியர்களும் பள்ளியில் வேலை செய்யும் மற்றவர்களும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் கையேடு. எனக்கும் தந்தார்கள். பள்ளியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் பேருந்திலேயே வாசித்து முடித்துவிட்டேன். பிள்ளையின் நலனே முதல். பிள்ளை சொன்னதை வெளியே கதைத்துத் திரியாதே. பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று தெரிந்தால், சொல்ல வேண்டிய இடத்தில் உடனே சொல். இதில் தெரியாதது என்ன இருக்கிறது என்று மேசை லாச்சிக்குள் போட்டேன். எட்டு வருடம் கழித்துத்தான் அதை மறுபடி தேடினேன்.

புதிதாக வந்த தமிழ் ஆசிரியர்களான உங்களில் சிலர் இங்கேயே பிறந்தவர்கள். நொர்வேஜிய மொழியும் தமிழும் ஒரே மூச்சில் வரும். சிலர் தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்கள்; 'மிஸ்' என்று கூப்பிட்டுப் பழகியவர்கள். எங்கள் பிள்ளைகள் உங்களை ரீச்சர் என்பார்கள். கொஞ்சம் பழகியதும் கேட்காமலே அன்ரி, அங்கிள் ஆக்கிவிடுவார்கள். எப்படிப் பாடம் நடத்துவது என்று நான் எழுதப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் எழுதப் போவது அந்த 'அன்ரி'யைப் பற்றி.

மதுரா என்று வைத்துக்கொள்வோம். அது அவள் பெயர் அல்ல. அன்று காப்பாற்றாத ஒழுங்கை இன்றைக்காவது காப்பாற்றுகிறேன். ஒன்பதாம் வகுப்பு, ஒல்லிப் பிள்ளை, ஹவுகன்ஸ்டுவாவில் பிறந்து வளர்ந்தவள். அந்தப் பகுதிப் பள்ளி ஒன்றில் நான் இருமொழி ஆசிரியை. புதிதாக வந்த பிள்ளைகளுக்குத் தமிழில் பாடங்களை விளக்குவேன். வாரத்தில் இரண்டு நாள் கடைசிப் பாடவேளையில் தமிழ் வகுப்பு. வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் ஓடிவிடுவார்கள். மதுரா நின்று பலகையைத் துடைப்பாள். பிறகு மேசையில் ஏறி இருந்து காலை ஆட்டியபடி கதை தொடங்கும்.

"அன்ரி, இண்டைக்கு மத்தேப்ரோவ. சரியான கஷ்டம். நீங்கள் எழுதினாலும் ஃபெயில்தான்."

கணக்குச் சோதனையைத்தான் சொல்கிறாள். என் சப்பாத்தைக்கூட விடமாட்டாள். ஒரு பக்கம் சப்பாத்துக் கட்டும் நூல் அறுந்து, வீட்டில் கிடந்த சிவப்பு நூலைக் கோத்திருந்தேன். "என்ன அன்ரி, ஒரு காலுக்கு மட்டும் கிறிஸ்மஸ் வந்திட்டுதோ?" என்று கேட்டுச் சிரிப்பாள். மற்றப் பிள்ளைகளுக்கு நான் ரீச்சர். அவளுக்கு மட்டும் அன்ரி. அவளுடைய தாயைக் கோயிலில் எனக்குத் தெரியும் என்பதால் வந்த உறவு அது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த 'அன்ரி'யைக் கேட்பதற்காகவே நான் அலமாரியை இரண்டு தடவை பூட்டித் திறந்து நேரம் கடத்தியதுண்டு.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் பெற்றோர் சந்திப்பு வந்தது. தாய்க்கு மொழி அவ்வளவு வராது, தகப்பனுக்கு வேலைத்தள நொர்வேஜியம் மட்டும். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட நேரமில்லை, நீங்கள் வந்து இருக்கிறீர்களா என்று வகுப்பாசிரியர் கேட்டார். அது என் வேலை அல்ல. ஆனால் யாராவது 'உங்களால்தான் முடியும்' என்றால் எனக்குத் தலை கால் தெரியாது. போய் இருந்தேன்.

வகுப்பாசிரியர் நல்ல இளைஞர். யோசித்து யோசித்துப் பேசினார். "மதுரா கொஞ்ச நாட்களாக ஒருவரோடும் பேசுவதில்லை. நான் பின்னால் வந்து நின்றால் திடுக்கிட்டுத் தோளைக் குறுக்குகிறாள். எனக்குக் கவலையாக இருக்கிறது," என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தகப்பன் வேலை உடுப்போடு வந்திருந்தார். காலையில் அலுவலகங்கள் துப்புரவாக்கி, பின்னேரம் உணவகச் சமையலறையில் நிற்கும் மனிதர். இரண்டு வேலைக்கும் நடுவில் கிடைத்த அரை மணி நேரத்தில் ஓடி வந்திருக்கிறார். இவரை இந்த மேசையில் வைத்துக் கூசவைப்பதா என்று நினைத்தேன்.

"பிள்ளை கெட்டிக்காரி எண்டு சொல்லுறார், அண்ணை. கொஞ்சம் களைச்சுப்போய் இருக்கிறாவாம்," என்றேன்.

"நித்திரை கொள்ளுறேல்லை ரீச்சர். எந்த நேரமும் ஃபோன்தான்," என்றார் தகப்பன். அதை நான் வகுப்பாசிரியருக்குச் சரியாகவே மொழிபெயர்த்தேன். அவரும் தலையாட்டினார். எல்லாம் சுமுகமாக முடிந்தது.

அந்த மேசையில் இரண்டு மொழியும் முழுதாக விளங்கியவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். மற்றது மதுரா. நான் விழுங்கிய வசனத்தை அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், பிறகு குனிந்து தன் கையுறையைத் திருப்பத் தொடங்கினாள். இதெல்லாம் தெரிந்த பிறகும் அந்தப் பிள்ளை என்னிடம்தான் வந்தாள்.

மூன்று வாரம் கழித்துத் தமிழ் வகுப்பு முடிந்து நின்றாள். பலகையைத் துடைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, சட்டைக் கையை முழங்கை வரை மேலே இழுத்துக் காட்டினாள். நான் என்ன கண்டேன் என்று இங்கே எழுதவில்லை.

"அப்பா அடிச்சவர். ப்ரோவயிலை மாக்ஸ் குறைஞ்சு போச்சு. போன மாசமும் அடிச்சவர். அன்ரி, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, என்ன?"

"சத்தியமாச் சொல்லமாட்டன், பிள்ளை," என்றேன்.

அது முதல் பிழை. அந்தச் சத்தியத்தைச் செய்ய எனக்கு உரிமை இல்லை. எந்தப் பிள்ளையும் உங்களிடம் அப்படிக் கேட்டால், "சொல்லாமல் இருக்க என்னாலை ஏலாது. ஆனால் ஆருக்குச் சொல்லப் போறன், எப்ப சொல்லப் போறன் எண்டு முதல்லை உனக்குத்தான் சொல்லுவன்" என்று சொல்லுங்கள். பிள்ளை அழும், கோபிக்கும், கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போகும். போகட்டும். உங்களைப் பொய்க்காரி என்று மட்டும் சொல்லாது.

அன்று வீடு போகும் வழி முழுக்க எனக்குள் ஒரே வழக்கு. பிள்ளைகள் நல அலுவலகத்துக்கு, நம்மவர்கள் வாயில் பார்னவேர்ன், உடனே அறிவிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கடமை பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அல்ல, கேட்டவள் என்ற முறையில் எனக்கே உரியது என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டாலே எங்கள் வீடுகளில் பயம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், கோயிலில் தலை காட்ட முடியாது, பிறகு அந்தத் தாய் தகப்பன் என்ன ஆவார்கள்? இந்த நாட்டுக்காரருக்கு எங்கள் வீடு எப்படி விளங்கும்? எனக்கு விளங்கும். நான் போய் ஒரு சொல் சொன்னால் அடங்கிவிடும். இப்படி வழக்குப் பேசிப் பேசி எனக்கே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். அதில் பாதி அக்கறை, பாதி தலைக்கனம் என்று இப்போது சொல்வேன்.

சனிக்கிழமை மதுரா கைப்பந்துப் பயிற்சிக்குப் போகும் நேரம் பார்த்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கினேன். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனதும் ஒரே உபசாரம்.

"ரீச்சர் எங்கடை வீட்டுக்கு வந்தது எங்களுக்குப் பெரிய சந்தோசம். இருங்கோ, இருங்கோ. ரோல்ஸ் சூடாக இருக்குது," என்றார் தாய். தேத்தண்ணி வந்தது. நான் ஊர்க்கதை கதைத்தேன். கோயில் தேர்த் திருவிழாவைப் பற்றிக் கதைத்தேன். இரண்டு ரோல்ஸும் சாப்பிட்டேன். பிறகுதான் குரலைத் தாழ்த்திக்கொண்டு விசயத்துக்கு வந்தேன்.

"அண்ணை, பிள்ளை என்னட்டைச் சொன்னவ. கை நீட்டாதேங்கோ. இந்த நாட்டிலை அது பெரிய பிரச்சினை. ஆரும் அறிஞ்சால் பார்னவேர்ன் வரும்."

நான் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். பிரச்சினை வரும் என்றேன். அலுவலகம் வரும் என்றேன். பிள்ளைக்கு நோகும் என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த மனிதருக்கு நான் வழி சொல்லிக் கொடுத்தேன்.

தகப்பன் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் ரீச்சர், விளங்குது. பிழைதான். கோவத்திலை செய்துபோட்டன்," என்றார். தாய் கண்ணைத் துடைத்தார். எனக்குப் பெரிய காரியம் முடித்த நிம்மதி. அப்போது வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அன்று பயிற்சி கெதியாக முடிந்துவிட்டது.

கதவு திறந்த பிறகு ஒரு சத்தமும் இல்லை. காலடியும் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். மதுரா பையைத் தோளில் மாட்டியபடி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கீழே கிடந்த சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிவப்பு நூல் போட்டது ஒன்று அதில் கிடந்தது. பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"ஹெய்," என்றாள். இந்த நாட்டுப் பிள்ளைகள் வழியில் தெரிந்தவரைக் கண்டால் சொல்வது. அதைச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அடுத்த தமிழ் வகுப்புக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்த வகுப்புக்கும் வரவில்லை. பள்ளி நடைபாதையில் கண்டால் நொர்வேஜியத்தில் மரியாதையாக ஒரு சொல், அவ்வளவுதான். பிள்ளைக்குக் கொஞ்சம் கோபம், ஆறிவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நம்பினேன். சரியாகவில்லை. வெளியே தெரியாதபடி நடந்துகொண்டார்கள். அந்தக் கவனத்தை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஐந்து வாரம் அப்படிப் போனது. ஐந்து வாரத்தின் முடிவில் மதுரா தானாகப் பள்ளித் தாதியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தாதி அன்றைக்கே அறிவித்துவிட்டார்.

அன்று பின்னேரம் தாய் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அழுகையில் பாதி விளங்கவில்லை.

"அக்கா, நாளைக்கு உங்களையும் கேப்பினம். உங்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுங்கோ. எங்கடை வீட்டுக்கு நீங்கள் வரேல்லை. அப்பிடிச் சொன்னால் உங்கடை வேலைக்கும் ஒண்டும் வராது, எங்களுக்கும் நல்லது. பிள்ளை கோவத்திலை பொய் சொல்லுது எண்டு விட்டிடுவினம்."

அப்போதுதான் லாச்சியைக் கிளறிக் கையேட்டை எடுத்தேன். அதில் எனக்குத் தெரியாதது ஒன்றும் புதிதாக இருக்கவில்லை. தாய் சொன்னதில் கடைசி வசனம்தான் என்னை உலுப்பியது. நான் பொய் சொன்னால் என் வேலை தப்பும், மதுரா பொய்க்காரி ஆவாள்.

காலையில் அதிபர் கூப்பிட்டார். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த நொர்வேஜியப் பெண்மணி. குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோப்பியை ஊற்றி என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்: "உங்களுக்கு எப்போது தெரியும்?"

"ஐந்து வாரமாகத் தெரியும். அதற்கு முன்பே, பெற்றோர் சந்திப்பிலேயே தெரிந்திருக்க வேண்டும். வகுப்பாசிரியர் சொன்னதை நான் முழுதாக மொழிபெயர்க்கவில்லை. வீட்டுக்கும் போனேன்," என்றேன். என் நொர்வேஜியம் அன்று போல் என்றும் தெளிவாக வந்ததில்லை.

அவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பரவாயில்லை என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. அவர்மேல் எனக்கு இன்றைக்கும் இருக்கும் மரியாதை அதனால்தான்.

"மதுரா ஒன்று சொன்னாள். உங்களிடம் சொல்லச் சொல்லியே சொன்னாள். 'அவர் என்னுடைய ஆசிரியர் என்று நினைத்திருந்தேன்.' அவ்வளவுதான் சொன்னாள்."

எழுத்தில் எனக்கு எச்சரிக்கை வந்தது. வேலை போகவில்லை. இனிப் பெற்றோர் சந்திப்புக்கு வெளி மொழிபெயர்ப்பாளர்தான் வருவார் என்று அதிபர் ஒழுங்கு செய்தார். மதுராவை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒரு பெண் அதிகாரி நெடுநாள் அந்த வீட்டுக்குப் போய்வந்தார், தகப்பனைக் கூப்பிட்டுக் கதைத்தார்கள், அடி நின்றது என்று பிறகு அறிந்தேன். நான் பயந்தது ஒன்றுமே நடக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், கோயிலில் என்னைத்தான் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டவளுக்கு, செய்தவள் என்ற பட்டம். அதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் பிள்ளையின் கதையை எடுக்க வேண்டிவரும். அதற்குள் குடும்பம் வேறு பகுதிக்கு வீடு மாறிவிட்டது, மதுராவும் பள்ளி மாறிவிட்டாள்.

அதற்குப் பிறகு பதினொரு வருடம் வேலை செய்தேன். அந்தக் காலத்தில் இரண்டு தடவை நானே அறிவித்தேன். இரண்டு தடவையும் பயந்தேன். ஆனால் அன்றைக்கு அன்றே செய்தேன். கோயிலில் யார் முகம் திருப்பினாலும் தலையை நிமிர்த்திக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்தேன். பிள்ளைகள் அன்ரி என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும் என்று விட்டேன். ஆனால் அந்தச் சொல்லுக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டேன்.

விட்டேன் என்று எழுதிவிட்டேன். அது முழு உண்மை அல்ல. மதுராவின் வாயில் இருந்து அதை இன்னொரு தடவை கேட்கமாட்டேனா என்று எத்தனை வருடம் ஏங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். ரயிலில் ஒல்லியாக ஒரு கறுப்புத் தலை தெரிந்தால் எட்டிப் பார்ப்பேன். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் தேடுவேன். ஓய்வு பெற்ற நாளில் பூங்கொத்தும் கேக்கும் வைத்து நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள். நான் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவள் எப்படி வருவாள், எதற்கு வருவாள்? அது தெரிந்தும் பார்த்தேன். அவளிடம் சொல்லவென்று ஒரு மன்னிப்பை நல்ல தமிழில் கோத்துவைத்திருந்தேன். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் அதைத் திருத்துவேன்.

போன மாசி மாதம் ட்வெய்ட்டா கடைத்தொகுதிக்குப் போயிருந்தேன். நான் இப்போது மோர்டென்ஸ்ருட்டில் இருக்கிறேன். இடையில் ஒரு ரயில் மாறிப் போக வேண்டும். சாமான் வாங்கிக்கொண்டு திரும்புகையில் ஒரு இளம்பெண் என் முன்னால் நின்றாள். அவள் கையைப் பிடித்தபடி நாலு வயதுப் பெண் பிள்ளை, தலை முதல் கால் வரை மஞ்சள் மழை உடுப்பு. நான் முகத்தைப் பார்த்து அறிவதற்கு முன்பே அவள் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தாள். இரண்டிலும் கறுப்பு நூல்தான்.

"ஹெய்," என்றாள்.

அதே சொல். நானும் அதையே சொன்னேன். நொர்வேஜியத்தில் நலம் விசாரித்தாள், நொர்வேஜியத்திலேயே பதில் சொன்னேன். எந்த மொழியில் பேசுவது என்று அவளே தீர்மானிக்கட்டும். கோத்துவைத்த மன்னிப்பு தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் என் பாரம் இறங்கியிருக்கும். ஆனால் கடை நடுவில், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருத்தி, அதை வாங்கிக்கொண்டு என்ன செய்வாள்? எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய வேலையும் அவள் தலையில் விழும். ஒரு தடவை அவள் கேட்காமல் அவள் வீட்டுக்குள் போனது போதும். அப்படியே விழுங்கிவிட்டேன். வாழ்க்கையில் நான் சரியாக விழுங்கியது அது ஒன்றுதான்.

அப்போது அந்தச் சின்னது தாயின் கையை இழுத்தது.

"அம்மா, இவ ஆர்?"

தமிழ். சுத்தமான எங்கள் தமிழ். அவள் தமிழை விட்டுவிட்டாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். என்னோடு பேசுவதை மட்டும்தான் விட்டிருக்கிறாள்.

மதுரா குனிந்தாள். பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தாள்.

"அம்மான்ரை ரீச்சர்," என்றாள்.

"அப்ப இவவுக்குத் தமிழ் தெரியுமோ?"

"ஓம். அம்மாக்கு எழுதப் படிப்பிச்சவ."

பிறகு என்னைப் பார்த்து நொர்வேஜியத்தில் போய்வருகிறேன் என்றாள். இரண்டு பேரும் ரயில் நிலையப் பக்கம் நடந்தார்கள். மஞ்சள் உடுப்பு கூட்டத்துக்குள் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதே ரயிலில்தான் நானும் போக வேண்டும். அதை விட்டுவிட்டு அடுத்ததில் போனேன்.